லோர்னா பார்க்காத விளக்குகள்

நவம்பர் 23

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய புது விளக்குச் சரங்களில் கடைசியையும் கூரையில் மாட்டிவிட்டேன். வழக்கமாக என் மனைவி லோர்னா கீழே நின்று, இது சிவப்பு, அது பச்சை என்று சொல்லுவாள். என் கண்ணுக்குப் பிறவியிலிருந்தே இரண்டும் ஒன்றுதான். இந்த வருடம் அவள் டேட்டன் நகரில், தங்கை மேவிஸ் வீட்டில் இருக்கிறாள். கிளம்பும்போது சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "உனக்கு நான் வேணாம், டெல். என் கண்ணு மட்டும்தான் வேணும். அதுவும் நவம்பர்ல மட்டும்."

பார்க்கலாம். விளக்குகளை இயக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. எண்ணைப் போட யார் கண் வேண்டும்?

நவம்பர் 29

இன்று என் விளக்குக் காட்சி தொடக்கம். கார்கள் வரிசையாக வந்து நின்றன. காட்சிக்காக நான் ஒலிபரப்பும் பாட்டை அவரவர் கார் ரேடியோவில் வைத்துக் கேட்டார்கள். தாளம் ஒன்று தப்பவில்லை, அத்தனை விளக்கும் சரியாக எரிந்து அணைந்தது. ஆனால் காருக்குள் சிரிக்கிறார்கள். ஏன்? உருக்கமான பாட்டு அது.

டிசம்பர் 3

மறுபடியும் சிரிப்பு. கூரையில் விளக்குகளால் ஆன கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கை காட்டுகிறார்கள். அவர் அங்கிக்கான எண்ணைச் சரிபார்த்தேன், சிவப்புதான். பக்கத்து வீட்டு ராய்ஸிடம் கேட்டதற்கு, புதுமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன புதுமை? வருடா வருடம் அதே தாத்தாதானே!

டிசம்பர் 9

என்ன தப்பென்று லோர்னா ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். ஃபோனில் கூப்பிட்டால்? அவள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். கூப்பிடணும்னுதான் இருக்கு — நிறத்துக்காக இல்ல, அவ இல்லாத வீடு பிடிக்கல. சொன்னா நம்புவாளா?

டிசம்பர் 17

கார்களுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே போனேன். வரிசையின் கடைசியில் மேவிஸின் நீல வண்டி. உள்ளே லோர்னா மட்டும். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் காருக்குள் இருந்து என் வீட்டைப் பார்த்தது இதுவே முதல் தடவை.

பாட்டு முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள். "உன் தாத்தா பச்சையா நிக்கிறாரு. மரமெல்லாம் சிவப்பு."

அட, அதுதானா! புதுச் சரம் வேறு கம்பெனியுடையது. பழையதில் சிவப்புக்கான எண் முதலில்; இதில் பச்சை முதலில், சிவப்பு அடுத்து. என் சரியான எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

"நான் வெளிய நின்னு பாத்துச் சொல்றேன். போய் மாத்து," என்றாள்.

கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. எடுத்துவிட்டேன். "அது கிடக்கட்டும். நீ இரு, அடுத்த பாட்டு வரப்போகுது."

அவள் என்னையே பார்த்தாள். "ஒரு தடவகூடக் கூப்பிடல நீ."

"கூப்பிட்டா கண்ணுக்காகன்னு நினைச்சிருப்ப."

அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, என் கையிலிருந்த மிட்டாயை எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 24

தாத்தா இன்னும் பச்சைதான். மாற்றப் பத்து நிமிடம் போதும். லோர்னாவின் பெட்டியை இறக்கி, அவளோடு கடைக்குப் போய் வந்ததில் நேரமே கிடைக்கவில்லை.