தபசுக்கு நான் விட்டது

ஸ்காபரோ
தபசுகாலம் இரண்டாம் ஞாயிறு

அன்பு மகன் றொய்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மடுமாதாவின் காவலில் நானும் உன் அக்கா ஜூலியும் அவளுடைய மகள் றெபேக்காவும் சுகமாக இருக்கிறோம், கல்கரியில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்றுதான் ஒவ்வொரு நாளும் செபமாலையை முடிக்கிறேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். போனில் என் வாய் முந்திவிடும், நீயும் என் பிள்ளைதானே, டக்கென்று வைத்துவிடுவாய். இது ஐந்தாம் வகுப்புக் கை, மெதுவாகத்தான் போகும், அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. ஜூலிக்கு இரவு வேலை மாறிப் பகல் வேலை கிடைத்திருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. றெபேக்கா பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் முதலாவதாக வந்தாள், வராமல் என்ன, யாருடைய பேத்தி. அந்த வாய் என்னையும் விடவில்லை. விபூதிப் புதனன்று கோயிலால் வந்து, வழமைபோல இந்தத் தபசு நாற்பது நாளுக்கும் இறைச்சியை விடுகிறேன் என்று சொன்னேன். உடனே அவள், "அம்மம்மா, டொக்டரே உங்களுக்கு இறைச்சி வேண்டாமெண்டிட்டார், பிறகு அதை யேசுவுக்குக் குடுக்கிறனெண்டால் உது சீற்றிங், கள்ளவேலை" என்றாள். ஜூலி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது. அப்ப எதையடி விடுறது என்று கேட்டேன். "உங்களுக்கு நல்லா ருசிக்கிறதை விடோணும். யூஜினி அம்மம்மாவோட சேந்து, மாமா கட்டப்போற நிலாணி அன்ரியைக் குறை சொல்லுறதை விடுங்கோ பாப்பம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் விபூதி பூசிய நெற்றியோடு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

உன் கலியாணப் பதிவு எழுத்துக்கு நிலாணியின் வீட்டார் நாள் பார்த்துப் பங்குனி வெள்ளிக்கிழமை ஒன்றை வைத்ததும், தபசுகாலத்தில் எங்கள் சனம் கலியாணம் செய்யாது, நான் வரமாட்டேன் என்று நான் கத்தியதும், நீ அன்றோடு போன் எடுக்காமல் விட்டதும் உனக்கு மறந்திருக்காது. சைவக்காரருக்கு எங்கள் தபசு எங்கே தெரியும், வேதக்காரப் பிள்ளை நீதான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிழை உன்னுடையது, அதை நான் விடவில்லை.

ரெக்ஸ்டேலில் இருந்து உன் சின்னம்மா யூஜினி போன ஞாயிறு போன் எடுத்து வழமைபோல நிலாணியின் கதையைத் தொடங்கினாள். அந்தக் கதை தபசு முடியுமட்டும் இல்லை என்றேன். "அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ, பிறஷர் பாத்தனீங்களோ" என்று பதறிப்போனாள். பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றுமில்லை, பனியைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்தோம். குறை சொல்லாமல் இருந்து பார் மகனே, அந்தப் பிள்ளையின் மற்றக் காரியங்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வருகின்றன. நத்தாருக்கு வந்தபோது பனிக்குப் போடும் என் பூட்சுச் சிப்பு மேலே ஏறாமல் இறுகிக் கிடந்ததைக் கண்டு, பட்டுச்சேலையோடு ஈரநிலத்தில் குந்தியிருந்து இழுத்துப் பூட்டிவிட்டது. நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அதனால் வருகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே, எழுத்துக்கு வருகிறேன், அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் அன்றைக்கு மரக்கறிச் சாப்பாடுதானாம், எனக்கும் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், யாருக்கும் தொந்தரவில்லை. ஊதாச் சேலை உடுப்பேன், தபசுக்கும் அதுதான் நிறம், படத்துக்கும் வடிவு. ஒன்றே ஒன்று, உயிர்ப்புத் திருநாள் கழிந்தபின் கோயிலில் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்குங்கள், அதற்கு நிலாணியின் தாயையும் நானே கூப்பிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு. கடிதம் கிடைத்ததும் போன் எடு, நான் முந்தி எடுக்கமாட்டேன், அதை விடச்சொல்லி றெபேக்கா கேட்கவில்லை. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒருமிக்க ஆசீர்வதிப்பாராக.

எயார்போட்டுக்கு நிலாணியையும் கூட்டிக்கொண்டு வா. பூட்சுச் சிப்பு இன்னும் இறுக்கம்தான்.

உன் அம்மா
அருள்மலர்