வாக்கிங் போகாததால் வந்த வியாதி

அக்கா,

இன்று காலை தாம்பரம் மார்க்கெட்டில் வல்லாரைக் கீரை வாசனை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "ஞாபக சக்திக்கு நல்லதும்மா, எட்துக்கினு போ" என்றாள் கீரை விற்கிறவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உன் தாடையைப் பிடித்து அந்தச் சாற்றைப் புகட்டிய நம் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உனக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் பாலிசி நம்பர்களை மனப்பாடமாகச் சொல்கிறவள், ஒரு சாயங்காலம் தாம்பரத்தில் இறங்க மறந்து, கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் நின்று எனக்குப் போன் செய்தாய். "நம்ம வீடு எந்தப் பக்கம்டி?" என்றாய். நான் வந்து சேரும்வரை நீ அழவில்லை. அழுதது நான்தான்.

அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மூளைக்கு வேலை குடுக்கணும். என்னைப் பாரு, அறுபது தாண்டியாச்சு. டெய்லி வாக்கிங், சுடோகு. இவ டிவி பாத்தே கெட்டா." அப்பாவும் உன் வயதில்தான் முடிச்சூரில் சொந்தத் தெரு தெரியாமல் நின்றார் என்பது மட்டும் அந்த சுடோகு மூளைக்கு நினைவில்லை.

உன் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார். அப்பாவிடமிருந்து வந்த மரபணு மாற்றம். அவருக்குத் தொடங்கிய வயதை ஒட்டியே பிள்ளைக்கும் தொடங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. அண்ணன் தப்பித்தார், அவ்வளவுதான். குலுக்கலில் தப்பித்ததைத் தன் ஒழுக்கம் என்று மார்தட்டிக்கொள்கிற மனிதரை என்ன சொல்வது?

உன் முதல் திவசத்தன்று என்னிடமும் ஆரம்பித்தார். "நீயாவது வாக்கிங் போ. இல்லன்னா அவ கதிதான் உனக்கும்."

"அப்பா உங்களுக்குக் குடுக்காம விட்டதை, நீங்க நடந்து சம்பாதிச்சதா சொல்லாதீங்கண்ணா" என்றேன்.

இலையிலிருந்து தலை நிமிராமல், இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.

எனக்கும் அந்த வயது வந்துவிட்டது. அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கப் போகிறேன். பயமாக இருக்கிறது, அக்கா. நேற்று பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வரவில்லை, அதற்கே தெருவில் எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

கடைசி மாதத்தில் ஒருநாள் அண்ணன் உன் கட்டிலருகே உட்கார்ந்து நெடுநேரம் உபதேசம் செய்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய். "யாருடி இந்த ஆளு? ரொம்பப் பேசறாரு."

பரிசோதனை என்ன சொன்னாலும் சொல்லட்டும். என் கட்டிலருகேயும் அவர் ஒருநாள் வந்து உட்காருவார். அன்றைக்கு எனக்கு எது மறந்தாலும், நீ கேட்ட அந்தக் கேள்வி மறக்கக் கூடாது.