மாமிக்குத் தெரியாமல் ஒரு டிரிம்மர்

ஆகஸ்ட் 4, திங்கள்

தென்மேற்குக் கச்சான் காற்று. வீடு முழுக்க மணல். இரண்டு தடவை கூட்டியாயிற்று, மறுபடியும் காலில் நறநற.

சனிக்கிழமை என் மாமியாரோடு மக்காவுக்கு, உம்ராவுக்குக் கிளம்ப வேண்டும். சவூதியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தம்மாமிலிருந்து நேரே ஜித்தாவுக்கு வந்துவிடுவார். எடுத்து வைத்தது: தலைக்குப் போடும் மக்கனா, வாசனை இல்லாத சோப்பு, இட்லிப்பொடி. வாங்க வேண்டியது: செருப்பு. செய்ய வேண்டியது: அது.

உம்ராவுக்கான இஹ்ராம் நிலைக்குள் போவதற்கு முன்னால் நகம் வெட்டி, மறைவிட முடி களைந்து சுத்தமாக வேண்டும். மனதில் உறுதி செய்து நிய்யத் வைத்த பிறகு ஒரு முடிகூடக் களையக் கூடாது. மற்ற பெண்களுக்குக் குளிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. எனக்கு ஒரு வார நோக்காடு. போன பெருநாளைக்கு கிரீம் போட்டேன். தொடையிடுக்கெல்லாம் தீ. காலை அகட்டி அகட்டி நடந்துதான் வந்தவர்களுக்குச் சோறு வைத்தேன். அதற்கு முந்தி பிளேடு. சிவந்து, பொரிப்பொரியாக வந்து, முடி தோலுக்குள்ளேயே சுருண்டு சீழ் பிடித்தது.

அந்தத் தோலோடு கஅபாவைச் சுற்றி, ஸஃபா மர்வா குன்றுகளுக்கிடையே நடந்து, இத்தனை வருஷ ஆசையும் எரிச்சலிலேயே போய்விட்டால்? அல்லாஹ்விடம் துஆ கேட்கிற நேரத்தில் என் நினைப்பெல்லாம் தொடையில் அல்லவா இருக்கும்.

மாமியிடம் சொல்ல முடியாது. "எங்களுக்கெல்லாம் தோல் இல்லையாக்கும்" என்பார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். எங்கள் பாம்பன் மருந்துக்கடையில் நிற்பவர் பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். அவரிடம் போய் எதைக் கேட்பது!

தோல் டாக்டரம்மா. தலையைக் குனிந்தே பேசினேன். அவர் ஏதோ தலைவலி கேட்பது போலக் கேட்டார்.

"ஒட்ட வழிக்கணும்னு யாரு சொன்னா? ஒட்ட எடுத்தாத்தான் முடி உள்ள போய்க் குத்துது."

சொன்னதெல்லாம்: சீப்பு மாட்டின டிரிம்மர். கிரீம் வேண்டாம். முதலில் கத்தரியால் குறைத்துக்கொள். ஓரத்தில் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, ஒரு நாள் பொறு. முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே ஓட்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காதே. பிறகு ஈரத்துணி. தொளதொள பருத்தி உள்ளாடை. பவுடர் கூடாது.

"உங்க ஊர்ல தண்ணி எப்படி? உப்பா? அப்ப இதுக்கு மட்டும் நல்ல தண்ணி."

பஸ் ஸ்டாண்டிலிருந்து தங்கச்சிக்குப் போன். மார்க்கக் கல்வி, ஆலிமா படித்தவள். கத்தரித்தால் போதுமா என்று கேட்டேன்.

"வழிக்கிறது சிறப்பு. முடியலைன்னா கத்தரிச்சாலும் நபிவழிச் சுன்னத்து கூடிரும். ஏன் லாத்தா, மச்சான் ஜித்தாவுக்கு வாராகன்னா இம்புட்டு ஏற்பாடு?"

"போடி, வெக்கங்கெட்டவளே."

இரண்டு வருஷமாயிற்று அவர் முகத்தைப் பார்த்து. அவள் சொன்னது பொய்யும் இல்லை.

டிரிம்மர் வாங்கினேன். செருப்பை மறந்துவிட்டேன். மாமி: "செருப்பு எங்கன?" "அளவு இல்ல மாமி." நம்பவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஓரத்தில் எடுத்துப் பார்த்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. மாமி அஸர் தொழப்போன நேரம் பார்த்து, குடிதண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு வாளி. கதவைத் தாழ் போட்டேன். கத்தரி, பிறகு டிரிம்மர். மெதுவாக. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. மொழுமொழுவென்று வரவில்லை. வராவிட்டால் போகிறது. ஈரத்துணி போட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். எரியவில்லை. எரியவே இல்லை! அல்ஹம்துலில்லாஹ்.

வெளியே வந்தால் டிரம் பக்கத்தில் மாமி.

"குடிக்கிற தண்ணியில எவ கைய வச்சது? லாரி இனி எப்ப வருமோ."

என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் இறங்கியது.

"தலைக்கு ஊத்திக்கிட்டியா? மாத்திரை கேக்கலையா?"

மாதத் தூரம் தள்ளிப்போவதற்கு நான் மாத்திரை போடுவது அவருக்குத் தெரியும். அது பலிக்காமல் தூரமாகித்தான் குளித்தேன் என்று நினைத்துவிட்டார். இல்லை மாமி என்றேன். "பெறகு எதுக்குடி அம்புட்டு நேரம் உள்ள?" வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்குத் தூரம் வந்துவிட்டால் கஅபாவைச் சுற்ற முடியாது, மக்காவில் நான் அறையிலேயே உட்கார வேண்டியதுதான். அவருக்குப் பக்கத்தில் நடக்க ஆள் இருக்காது. மாமி முஸல்லாப் பாயில் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே அழுதார்.

சொல்லியிருக்கலாம். பிடிவாதம். நாளைக்குச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் பாத்ரூம் ஜன்னலில் அரை பிளேடு. வாளியில் மாமியின் உள்பாவாடை. ரத்தம்.

அவருக்குச் சர்க்கரை. போன வருஷம் காலில் முள் குத்திய புண்ணே லேசில் ஆறவில்லை.

"முட்டியில இடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"முட்டியில இடிச்சா பாவாடை ஏன் மாமி நடுவுல நனையுது?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"குனிய முடியல. கண்ணும் தெரியல. கை வேற நடுங்குது. பாதியில நிக்குதுடி."

"எரியுதா?"

"எப்பவும் எரியிறதுதானே. கல்யாணமான நாள்லருந்து எரியுது. எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

இத்தனை வருஷமாக ஒரே வீட்டில், ஒரே நோக்காட்டோடு, ஆளுக்கொரு கதவைப் பூட்டிக்கொண்டு.

டாக்டரம்மாவுக்குப் போன். மேலாக்கான வெட்டு என்றால் பயமில்லை, மருந்து போட்டுக் காயவிடுங்கள், சிவந்து வீங்கினால் உடனே காட்டுங்கள் என்றார். நான் குடிதண்ணீர் எடுத்த கதையை மாமியிடம் சொன்னேன். டிரிம்மரைக் காட்டினேன்.

"இதுக்கா? ஒனக்குத் தூரம் வந்துட்டுதுன்னு ராவெல்லாம் தூங்கல. என்கிட்ட சொன்னா என்ன?"

"நீங்க சொன்னீகளா?"

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு: "மிச்சத்தை நீயே செஞ்சு விட்டுரேன்."

தங்கச்சிக்கு மறுபடியும் போன். தன்னால் முடிந்தால் அடுத்தவர் பார்க்கக் கூடாது என்றாள். "கண்ண மூடிக்கிட்டுச் செய்வியா?" என்று மாமி கேட்டார். சிரித்துவிட்டோம். கடைசியில், டிரிம்மருக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முக்காலி போட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீரோடு உள்ளே அனுப்பினேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான்.

"கத்துதுடி இது!"

"கத்தும் மாமி. கடிக்காது. சீப்பைக் கழட்டிராதீக."

"எந்தப் பக்கமா?"

"முடி சாஞ்ச பக்கமா. வெட்டுன இடத்துக்குக் கிட்ட போகாதீக. அது அப்படியே இருக்கட்டும்."

"பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியலையே."

"கையால தடவிப் பாருங்க. ஒட்ட வேணாம். அவசரமும் வேணாம்."

சத்தம் நின்றது.

"மாமி?"

"இருக்கேன்." தண்ணீர் ஊற்றும் சத்தம். "ஏடி, எரியல." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, தனக்குள் சொல்வது போல, "எரியலடி."

ஆகஸ்ட் 9, சனி

வேனில் எழுதுகிறேன். மதுரை ஏர்போர்ட்டுக்கு. உம்ரா குரூப்பில் எல்லாரும் ஏறியாயிற்று. மாமியின் வெட்டு காய்ந்துவிட்டது. வீக்கம் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. பாம்பன் பாலத்தில் காற்று ஆளைத் தூக்குகிறது.

பாலம் நடுவில் மாமி கத்தினார்: "அந்த மெஷினை எடுத்து வச்சியாடி?"

வேனே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் இருந்த குரூப் வழிகாட்டி ஹஜ்ரத், "என்ன மெஷினுங்க பெரியம்மா?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமி முக்காட்டைச் சரிசெய்தார். "சுகர் பாக்குற மெஷினு."

ஹஜ்ரத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மாமி என் தொடையில் ஒரு கிள்ளு. "மக்காவுக்குப் போற வழியிலயே பொய் சொல்ல வச்சிட்டியேடி, பாவி. அஸ்தக்ஃபிருல்லாஹ்." சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் தலை என் தோளில் பட்டதே இல்லை.

இப்போது நிமிர்ந்து, என்ன எழுதுகிறாய் என்கிறார்.

"துஆ கேக்க வேண்டியதெல்லாம் மாமி."

"என்னையும் எழுது."