ஜெப்ஸி பந்து போட்ட உயரம்

தூத்துக்குடி,
ஜூலை 19, சனிக்கிழமை.

அன்புள்ள விஜிலாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் வேறு எதையாவது கேட்டுவிடுவேன். ஆகவே ஜெப்ஸியின் சான்றிதழ்களோடு இதையும் அதே உறையில் வைத்து அனுப்புகிறேன்.

முதலில் நீ கேட்ட காரியம். அந்தக் குளிர் தேசத்தில் நீ பயிற்சி தரும் கல்லூரியின் டென்னிஸ் அணியில் காலியாக இருந்த இரண்டு இடங்களில் ஒன்றை நிரப்பிவிட்டாய். மற்றதற்கு நம் ஊர்ப் பெண் ஜெப்ஸியை முன்மொழிந்தாய். அவள் அப்பா வளன் கைபேசியில் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்த உங்கள் தலைமைப் பயிற்சியாளர், சர்வீஸுக்கு அவள் பந்தை மிகத் தாழ்வாகத் தூக்கிப் போடுகிறாள், பதினெட்டு வயதில் இனி இது திருந்தாது என்று ஒதுக்கப் பார்க்கிறார். நேரில் பார்த்து எழுத்தில் தரும்படி என்னிடம் சொன்னாய். "உங்களுக்கு டென்னிஸ் தெரியாது, அதனாலதான் கேக்கேன், பார்த்ததை மட்டும்தான் எழுதுவீங்க" என்றாய். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவன்தானா என்பதை இதைப் படித்து முடித்ததும் நீயே தீர்மானிக்கலாம்.

ஜூலை மூன்றாம் தேதி மாலை நான்கரை மணிக்குத் துறைமுகக் குடியிருப்பு மைதானத்துக்குப் போனேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குப் புழுதி. நாற்பது சர்வீஸ் போடச் சொல்லி எண்ணினேன். அவள் தூக்கிப் போட்ட பந்து ஒரு தடவைகூடப் பின்வேலியின் மேல்கம்பிக்கு மேலே எழவில்லை. குறித்துக்கொண்டேன். அத்துடன் திரும்பியிருக்கலாம். ஏன் இப்படிப் போடுகிறாய் என்று கேட்டது தொழில் பழக்கம்.

"ஒசத்திப் போட்டா காத்து தூக்கிட்டுப் போயி திரேஸ்புரத்துல போட்டுரும் சார். யாரு போய் எடுக்கது?" என்றாள். வளன் துறைமுகத்து இழுவைப் படகில் வேலை பார்ப்பவர். "ஏளா, வக்கீல் சார்ட்ட ஒழுங்காப் பேசு" என்று மகளை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "விடியக்காலம் வந்து பாருங்க சார். காத்து எந்திரிக்கதுக்கு முன்ன இவ போடுத போடே வேற."

வீட்டுக்கு வந்து ஓர் அறிக்கை எழுதினேன். தேதி, நேரம், எண்ணிக்கை, வேலியின் உயரம், எல்லாம் இருந்தன. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காற்றைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

விஜிலா, அந்த இரண்டாவது இடம் நிரம்பினால் உன் ஒப்பந்தம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீளும். நிரம்பாவிட்டால் டிசம்பரோடு முடியும், நீ வீட்டுக்குத் திரும்பிவிடுவாய். மார்ச் மாதம் நீ இதைச் சாதாரணமாகச் சொன்னாய். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். மறுவாரமே உன் ஸ்கூட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அதை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். எதிர்வீட்டு முத்துமணி அக்கா, "என்ன தம்பி, வண்டிச் சத்தம் கேக்கு, ஒம் வீட்டுக்காரி வாராளோ?" என்று கேட்டார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். முடிவாகிவிட்டதைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

வழக்கின் முடிவில் சொந்த நலன் உள்ள சாட்சியை நீதிமன்றம் எச்சரிக்கையோடுதான் அணுகும். அத்தகைய சாட்சிகளை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குறுக்கு விசாரணை செய்துவருகிறேன். ஆனால் விடியற்காலையில் ஒருமுறை மைதானத்துக்குப் போய்வர எனக்குப் பதினான்கு நாளாயிற்று. இரண்டு வாய்தா, திருச்செந்தூரில் ஒரு பத்திரப் பதிவு, நான்கு நாள் சளி. காரணங்கள் எல்லாம் உண்மை. அவற்றால்தான் போகவில்லை என்பது உண்மையில்லை.

பதினாறாம் தேதி சான்றிதழ் நகல்களில் நோட்டரி கையெழுத்து வாங்க வளன் என் அலுவலகத்துக்கு வந்தார். அறிக்கை என்னவாயிற்று என்று கேட்கவேயில்லை. "டீச்சர் அங்கன இருக்காவ, நீங்க இங்கன இருக்கிய. பிறகு எங்களுக்கு என்ன சார் கவல?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்தப் பெண்ணுக்கு இதைவிட்டால் வேறு கல்லூரி இல்லை என்பது உனக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனேன். மரத்தில் இலை அசையவில்லை. அதே நாற்பது சர்வீஸ். முப்பத்தாறு தடவை பந்து மேல்கம்பிக்கு வெகு மேலே எழுந்து, நின்று, இறங்கியது. அவள் அடித்த சத்தம் காலி மைதானம் முழுவதும் கேட்டது. பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி நடந்த அன்று, யாரென்று தெரியாமலே உன்னை முதன்முதலாகப் பார்க்கத் திரும்பினேனே, அந்தச் சத்தம். மற்றதைப் புது அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இதை அங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் கண்டதையும் காற்றோடு சேர்த்துப் பிரமாணப் பத்திரமாக எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்பதையும், அது இந்தப் பெண்ணின் தேர்வுக்கு எதிரான நலன் என்பதையும் கடைசிப் பத்தியில் தெரிவித்திருக்கிறேன். என் வாக்குமூலத்துக்கு நானே சான்றளிக்கக் கூடாது அல்லவா? என்னைப் போலவே நோட்டரியான நண்பன் ஹென்றியிடம் கொண்டுபோனேன். முழுதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "ஏலே இனிகோ, பொண்டாட்டி வரவைத் தடுக்கதுக்கு முத்திரைத்தாளு வாங்கி வந்த ஒரே ஆளு இந்த ஜில்லாவுலயே நீதாம்டே" என்றான். பிறகு சிரிக்காமல் முத்திரையைக் குத்திக் கொடுத்தான். மூன்றாம் தேதி அறிக்கையைக் கிழிக்கவில்லை. அதுவும் உறையில் இருக்கிறது. நீ பார்க்க வேண்டும்.

இருபத்தாறாம் தேதி கோயிலில் கொடியேற்றம். பனிமய மாதா உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் துணையிருக்க வேண்டிக்கொள்கிறேன். அவளுக்குக் குளிர் தெரியாது; நல்ல கம்பளிச் சட்டையாக நீயே பார்த்து வாங்கிக் கொடு.

உன் புதிய ஒப்பந்தம் வந்ததும், கையெழுத்திடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. மற்றப் பிரிவுகளில் நான் தலையிடப் போவதில்லை. விடுப்புப் பிரிவை மட்டும் பார்க்க வேண்டும். 'இருதரப்பு வசதிக்கேற்ப' என்று இருந்தால் ஏற்காதே. அந்த வாசகம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆண்டுதோறும் டிசம்பரில் இருபத்தொரு நாள் என்று எண்ணாலும் எழுத்தாலும் போடச் சொல். வாய்வார்த்தையே போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும். போதாது, விஜிலா. எனக்குப் போதாது.

என்றும் உன்,
இனிகோ