பக்கத்து சீட்டுக் கிளட்ச்

மார்ச் 3, திங்கள்

வாத்தியாராகி இன்றோடு ஒன்பது நாள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் வாத்தியார் என்றால் நான் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரே சிரிக்கும். இருபத்துநான்கு வருடம் லாரி ஓட்டினேன். இடுப்பு போயிற்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முதலாளி ஒருவர் கூப்பிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

மகள் பிரசவத்துக்குப் போன மனைவி, பேரனுக்கு ஏழு மாதம் ஆகியும் திரும்பவில்லை. "பேச ஆளில்லேன்னா ஒரு நோட்டு வாங்கி அதுகிட்ட பேசுங்க. அது பாவம், எழுந்து ஓட முடியாது" என்றாள் போனில். வாங்கிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று முதலாளி ஒரு புத்தகம் கொடுத்தார். நாற்பது பக்கம். எனக்கு ஒரு வரி போதும்: சிரிக்க வை. சிரிக்கிற ஆளுக்குப் பயம் வராது, பயமில்லாத ஆள் தானாக ஓட்டிவிடும்.

இன்று ஒரு நர்ஸ் சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் வேலை அவருக்குக் காத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

ஸ்டியரிங்கைத் திருடன் கையைப் பிடித்த மாதிரி பிடித்தார். "விடுங்க நர்சம்மா, அது எங்கயும் ஓடாது. அதுக்கும் மூச்சு முட்டுதுல்ல?" என்றேன். சிரித்துவிட்டார். சொன்னேனே!

மார்ச் 7, வெள்ளி

மேட்டில் நிறுத்தி எடுப்பது. நர்சம்மா கிளட்ச்சிலிருந்து காலைச் சுட்டுக்கொண்டது போல எடுக்கிறார், வண்டி குலுங்கி அணைந்துவிடுகிறது. முகம் சுண்டிப் போயிற்று. இந்தக் காரில் என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அடுத்த தடவை அவர் காலை எடுக்கும்போது என் கிளட்ச்சை அமுக்கிப் பிடித்து மெல்ல விட்டேன். வண்டி பூப்போல ஏறியது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

தினமும் மேட்டில் கொஞ்சம் உதவி. அரை மணிப் பாடம் ஐம்பது நிமிடம் ஓடியது. என் லாரிக் கதை எல்லாவற்றையும் கேட்டுவிட்டார், பாவம். முதலாளி முறைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

லீவு. யாரோடும் பேசவில்லை. இல்லை, பால் வாங்கும்போது "ஒண்ணு" என்றேன்.

மார்ச் 19, புதன்

நர்சம்மா ஃபெயில். மேட்டில் மூன்று தடவை அணைந்ததாம். பரீட்சை அதிகாரி இறங்கி வந்து என்னிடம், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதே அந்தம்மாவுக்குத் தெரியவில்லையே, என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டார்.

"உங்களோட வர்றப்ப அந்த முத நாளத் தவிர ஒரு தடவகூட நின்னதில்லையேண்ணே" என்றார் நர்சம்மா. தன் மேலேயே கோபம் அவருக்கு.

மார்ச் 20, வியாழன்

ஏன் அமுக்கினேன்? அவர் பயப்படக் கூடாதென்றா? பயந்தால் நாளைக்கு வர மாட்டார் — வராவிட்டால் யார்கிட்டடா பேசுவ நீ? அட, அதுதானே. ஊரையெல்லாம் கிண்டல் பண்ணினவன் இப்ப தன்னையே பாத்து சிரிக்க முடியல.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னேன். அவர் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.

"அப்ப இத்தனை நாளும் நீங்கதான் ஓட்டியிருக்கீங்க. நான் சும்மா உக்காந்து கதை கேட்டிருக்கேன்."

ஆமாம் என்றேன்.

"என் வேலைண்ணே அது."

வேறு ஆளிடம் மாற்றிவிடச் சொல்கிறேன் என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார். மறுபரீட்சை இருபத்தெட்டாம் தேதி.

மார்ச் 24, திங்கள்

வந்தார்! முதலாளியிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "மாத்தறதுக்கெல்லாம் நேரமில்லை. கால எடுத்து மேல வைங்க" என்றார்.

பழைய கிடங்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மேடு ஒன்று உண்டு. அங்கே கூட்டிப் போனேன். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், கை மட்டும் ஹேண்ட் பிரேக்கில். வண்டி பதினோரு தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்து நின்றது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு விழுங்கியதில்லை.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"வாயை மூட ட்ரெயினிங் எடுக்கறேன். நானும் ஃபெயிலாயிருவேன் போல."

சிரிக்கவில்லை அவர். பன்னிரண்டாவது தடவை, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மியது, அவர் கால் அங்கேயே நின்றது. "இப்பத்தான் கேக்குது" என்றார். இத்தனை நாள் அந்தச் சத்தத்தின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது யார்?

மார்ச் 26, புதன்

மொத்தப் பாடத்தில் நான் பேசியது ஆறு வார்த்தை. ஒரு தடவைகூட அணையவில்லை. வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பாஸ். கைகூப்பிவிட்டு ஓடினார், லைசென்ஸ் தாளைக் காட்ட.

ஏப்ரல் 23, புதன்

இப்போது ஒரு தச்சரும் ஒரு கல்லூரிப் பெண்ணும் கற்றுக்கொள்கிறார்கள். கிளட்ச், பிரேக் இரண்டையும் விட்டுக் காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்கிறேன். ஆபத்து என்றால்தான் முன்னால் போகும். கதையெல்லாம் பாடம் முடிந்து வண்டியை நிறுத்திய பிறகு. அதற்குள் அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பாலத்து ஏற்றத்தில், சிவப்பு விளக்குக்கு ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. நர்சம்மா. பின் சீட்டில் மருந்துப் பெட்டிகள். பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டேன், பிறகு இறக்கிக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அப்படித்தான் பார்க்க வேண்டும். பச்சை விழுந்தது, கார் ஓரங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறிப் போயிற்று.

என் பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.