சாமி ரூமில் செருப்பு

மச்சான்,

இன்று காலை விக்கிரமங்கலத்தில் கட்டிங் மெஷினைப் போட்டதும் ஒரு வாடை வந்தது. ஈரமும் கருகலும் கலந்த வாடை. மூக்கு அதைச் சரியாகப் பிடிப்பதற்குள் உன் பெட்டியிலிருக்கும் சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்து கரண்டை நிறுத்திவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி விழுந்தது. மெஷினைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

பயத்தை வெளியே காட்டிக்கொள்வேனா நான்? பூலாம்பாடியிலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் நான் டைல்ஸ் ஒட்டாத தெரு இல்லை, நான் ஒட்டிய தரையில் எறும்புகூட வழுக்கியதில்லை என்று அப்போதுதான் வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை வீடு குடிபோகிறார். பூஜை அறையில் மேடைக்குக் கிரானைட் வெட்டி உட்கார வைப்பது ஒன்றுதான் பாக்கி.

உன் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நாம் இருவரும் ஒரே வண்டியில் வேலைக்குப் போனோம். நான் டைல்ஸ், நீ வயரிங். ஒரே வயது என்பதால் வா போ என்றுதான் பேச்சு. எங்கே போனாலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாய். உள்ளே ஒரு ட்ரிப் சுவிட்ச், வெளியே இரண்டு பிளக் பாயிண்ட். எந்த வீட்டில் எந்த மெஷினைப் போட்டாலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் கரண்ட் வர வேண்டும். மெஷினிலிருந்து கொஞ்சம் கரண்ட் வேறு பக்கம் கசிந்தாலும் கண் சிமிட்டுவதற்குள் அது விழுந்துவிடும். தினமும் வேலை தொடங்கும் முன் அதில் உள்ள பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பார்ப்பாய். தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறதே என்று அதற்கு நான் ‘மாமியார் பொட்டி’ என்று பேர் வைத்தேன். மாவட்டம் முழுக்க அந்தப் பேர் பரவிவிட்டது. பரப்பியவனும் நான்தான்.

செட்டிகுளம் நினைவிருக்கிறதா? மலையடிவாரத்து வீடு. அங்கேயும் சாமி ரூம்தான். வாசக்கால் வைத்துப் பூஜை போட்ட அறை என்பதால் அந்த வீட்டம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார். நம் பக்கத்தில் இதை எவன் மறுப்பான்? கழற்றிவிட்டுத்தான் போனேன். பிளேடு சூடாகாமலிருக்க ஓட்டை போட்ட தண்ணி பாட்டிலைப் பிடித்தபடிதான் கல்லை வெட்டுவோம். அறை முழுக்க வெள்ளைச் சேறு. அதில் வெறுங்காலோடு நான்.

“மாப்ள, செருப்பு போட்டுக்க” என்று நீ அடுத்த அறையிலிருந்து கத்தினாய்.

“சாமி ரூம்ல சாமி பாத்துக்கும். நீ ஒன் வேலையப் பாரு மச்சான்.”

அதற்குப் பிறகு நடந்ததை ஊருக்குச் சொல்லும்போது, கரண்ட் என்னைக் கூரைக்குத் தூக்கியது, நான் அதைத் திருப்பி அடித்தேன், ட்ரான்ஸ்பார்மரே படுத்துவிட்டது என்றெல்லாம் சொல்வேன். டீக்கடையில் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாய். உன்னிடம் அந்தக் கதை செல்லாது. நடந்தது இவ்வளவுதான்: மெஷின் என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் அதைப் பிடிக்கவில்லை, அது என்னைப் பிடித்தது. விடு என்று மனசு சொல்கிறது, விரல் கேட்கவில்லை. கத்த வாய் திறக்கவில்லை. ‘டக்’கென்று உன் பெட்டி விழுந்த சத்தம் கேட்டது. சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

நீ ஓடி வந்து என்னைத் திட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாய்.

மறுநாள் ஒரு புது ரப்பர் செருப்போடு வந்தாய். அதைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டும் வைத்திருந்தாய். வீட்டம்மாவிடம் நீட்டி, “ஆத்தா, இது மண்ணே மிதிக்காத செருப்பு. சாமி ரூமுக்குன்னே வாங்குனது. இதப் போட்டுக்கிட்டுத்தான் எங்க மாப்ள உள்ள வருவாரு” என்றாய். அந்தம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செருப்புக்கே பொட்டு வச்ச ஆளு, போங்க போங்க” என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை சாமி ரூம்! எல்லாவற்றிலும் பொட்டு வைத்த செருப்பு.

கரண்டுக்கு அத்தனை காவல் போட்ட நீ, போன வருஷம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தாய். அதற்கு என்ன பெட்டி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று பெட்டி மூன்றாவது முறை விழுந்ததும் கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. “பொட்டிதாங்க கெட்டுப்போச்சு. தூக்கி அந்தாண்ட வச்சிட்டு நேரா குடுங்க. வெள்ளிக்கெழம ஐயர் வந்துடுவாரு.”

என்னோடு வேலை செய்யும் செல்வம், பாலிஷ் போடுகிறவன், வாயாடி. “மாமா, ஒன் மாமியார் செத்துப்போச்சு, விடு” என்று சொல்லிக்கொண்டே மெஷின் பிளக்கைச் சுவர் பாயிண்டில் சொருகிவிட்டான். செட்டிகுளத்தில் என்னைப் போலவே அவனும் சாமி ரூம் என்று செருப்பை வாசலில் விட்டிருந்தான். காலடியில் ஈரம். மெஷினை நோக்கிக் குனிந்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், செட்டிகுளத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அன்று பயப்பட நேரமே இல்லை. இன்று அவன் கை மெஷினுக்குப் போகும் தூரம் முழுவதையும் பார்த்தேன். ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

“என்னா மாமா, கரண்டயே அடிச்சவன்னு சொன்ன! பயந்துட்டியா?” என்றான். கண்டக்டரும் சிரித்தார்.

“ஆமாடா. பயமாத்தான் இருக்கு.”

அடுத்தவர் முன்னால் இந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியைச் செல்வத்தின் பக்கம் தள்ளினேன். “பொட்டி கெடலடா. பட்டன அமுக்கு, வுழும். வேற லைட்டப் போட்டுப் பாரு, வுழாம நிக்கும். மெஷினப் போட்டாத்தான் வுழுவுது. அப்ப கோளாறு எங்க இருக்கு?” அவன் போட்டுப் பார்த்தான். நின்றது. மெஷினைக் கழுவித் துடைத்து, சாக்கில் சுற்றி, அரியலூர் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனான். மேடை வெள்ளிக்கிழமைக்கு முடியாவிட்டால் பலகை போட்டுச் சாமியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கண்டக்டர் முகம் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

மணல் குவியல் மேல் உட்கார்ந்து, சிமெண்ட் பை காகிதத்தில் இதை எழுதுகிறேன். நீ பேசியதில் பாதி மறந்துவிட்டது. அன்று என் விரலை நீவிக்கொண்டே சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. “எனக்குத் தெனமும் பயமா இருக்கு மாப்ள. நீயும் கொஞ்சம் பயப்படேன்.” என்னிடமிருக்கும் வீறாப்பு எல்லாம் நானே தைத்துக்கொண்ட சட்டை. இந்தப் பயம் மட்டும் நீ கொடுத்தது. எந்த வீட்டு வாசலிலும் இதைக் கழற்றி வைக்க முடியவில்லை.

இப்போதுதான் செல்வம் போன் செய்தான். “மாமா, மெஷினத் தொறந்து பாத்தாங்க. உள்ள ஒயரு தோலு உரிஞ்சி இரும்பு பாடியில ஒட்டிக்கிட்டு கெடக்குது.” அவன் குரல் சரியில்லை. போனை வைக்கவும் இல்லை.

“சாப்ட்டியாடா?” என்று கேட்டேன்.