கட்டி தட்டாத புரதம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் கண் மங்கல் கூடியிருக்கிறதா? நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் டிரைவர் எழுதுகிறார். வசவை மட்டும் எழுத மாட்டாராம்.

நான் குடுவை கழுவும் ஆய்வுக்கூடத்தில், உலகத்திலேயே இல்லாத ஒரு புரதத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கிருமிகளை வைத்துச் செய்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது திரிந்த பால் மாதிரி கட்டி தட்டியது. பழி என் தலையில். "பெரியவரே, சோப்பு போகக் கழுவுனீங்களா?" என்பார் தலைமை விஞ்ஞானி.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால சூடு பண்ற பெட்டி ரிப்பேர் ஆச்சு. அன்னைக்குக் குளிர்ல கிடந்த குடுவை மட்டும் தெளிவா இருந்துச்சுங்க" என்றேன்.

"லேபிள் படிக்கத் தெரியாதவர் எனக்குப் பாடம் நடத்துறாரு!" என்று சிரித்தார். அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் மட்டும் குளிரில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி தெளிவாக வந்துவிட்டது.

அதுதான் வினை. இனி அதையே நிறையச் செய்யணுமாம். மூன்று மாதத்துக்கு யாருக்கும் லீவு இல்லையாம். உன் கண் ஆபரேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேனே! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. தங்கச்சியைக் கூட வைத்துக்கொள். கட்டு அவிழ்த்ததும் முதலில் யாரைப் பார்த்தாய் என்று எழுதச் சொல்.

டிரைவருக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்